இல்லறமும் ஊர்மேடையும்

நாடகத்தில் இறங்கினவன் குடும்பத்துக்கு ஆகான் என்பது நம் நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு கொள்கை. இதனை மறுத்துரைக்க வருவோர் பெரும்பாலும் கலையின் பெருமையைப் பேசி முடித்துவிடுகின்றனர். குடும்பம் என்னாயிற்று என்ற கேள்விக்கு விடை கூறுவதில்லை. ஆதலின் கேட்டவர் மனம் மாறுவதுமில்லை. யாம் இவ்வியாசத்தில் கலையின் பெருமையைச் சற்று ஒதுக்கிவைத்து, வீட்டின் பக்கத்தினின்றே இவ்விஷயத்தைப் பார்க்க விரும்புகிறோம். வீட்டையும் காத்து, ஊருக்கும் உழைத்து, மேடையிலும் நின்ற வாழ்க்கை ஒன்று உண்டா? உண்டாயின் அஃது எவ்விதம் நடந்தது? அதற்கு யார் விலை கொடுத்தனர்?

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறோம். அது கடல்மேற் செல்வோர் வாழும் ஊர். அவர் வீட்டுப் பிள்ளைகள் இன்று கலாசாலைக்கு வருகிறார்கள், பெண்மக்களும் வருகிறார்கள். அப்பிள்ளை ஒருநாள் மாலை நாடக ஒத்திகைக்குப் போகிறேன் என்று வீட்டிலே சொல்வானாயின், தாய் அஞ்சுவது இயல்பே. அலையோடு போராடி ஈட்டிய பணம் கலாசாலைச் சம்பளமாகச் சென்றிருக்கிறது. அது வேடத்திலும் சாயத்திலும் கரைந்துவிடுமோ என்பது அவள் கவலை. அக்கவலையைப் பழமை என்று இகழ்வது படித்தவருக்கு அழகன்று.

“கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான்” என்று ஒரு பழமொழி உண்டு. எப்பொழுது விடியும் என்று கூத்தாடி கிழக்கை நோக்குகிறான். எப்பொழுது பொழுது சாயும் என்று கூலியாள் மேற்கை நோக்குகிறான். இருவரும் கூலிக்கு உழைப்போர். இருவருக்கும் வேலை முடிந்தாற் போதும். பழமொழி சொல்லாது விட்ட மூன்றாமவன் ஒருவன் உளன். பகலெல்லாம் தன் தொழிலைச் செய்து, மேடைக்குப் போகப் பொழுது சாயாதா என்று மேற்கே பார்ப்பவன் அவனே. இரவில் வேடம் களைந்து, நாளைய வேலைக்கு விடிந்துவிடுமே என்று கிழக்கே பார்ப்பவனும் அவனே. இவனைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

இத்தகையோருக்குத் தமிழ்நாட்டில் முதலாக நினைக்கத்தக்கவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1873-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ந் தேதி பிறந்து, 1964-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந் தேதி மறைந்தார். தொண்ணூற்றோராண்டு வாழ்ந்த அப்பெரியார் இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்தவர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். அக்காலத்து மேடையில் பாட்டே மிகுதி, கட்டுப்பாடு குறைவு, நடிகரிடத்து உலகம் வைத்த மதிப்போ சொல்லுந்தரமன்று. பல்லாரியில் வக்கீலாயிருந்த தருமவரம் ராமகிருஷ்ணமாச்சாரியார் தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடியதை அவர் கண்டார். கற்றவரும் உத்தியோகத்திலுள்ளவரும் கூலி வாங்காது மேடையேறக் கூடும் என்ற எண்ணம் அப்பொழுதே அவர் உள்ளத்தில் விழுந்தது. நண்பர் சிலருடன் 1891-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி சுகுண விலாச சபை தொடங்கப்பெற்றது. அன்று அவருக்கு வயது பதினெட்டு. நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணாக்கரின் வயது.

அவர் நாடகத்துக்காகப் படிப்பை விட்டவரல்லர். சட்டம் பயின்று வக்கீலானார். 1924-ல் சென்னை ஸ்மால்காஸ் கோர்ட்டில் நீதிபதியாகி, 1928-ல் ஐம்பத்தைந்து வயது நிரம்பியதும் ஓய்வு பெற்றார். நீதிபதி உத்தியோகம் வந்ததென்று நாடகத் தொடர்பை அறுத்துக்கொண்டவருமல்லர். இவ்வேலைகளுக்கு நடுவே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ‘மனோகரா’வை அறியாத தமிழர் சிலரே. ‘சபாபதி’ 1941-ல் படமாகியும் ஊரைச் சிரிக்கவைத்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆகவும், மாக்பெத் ‘மகபதி’ ஆகவும், வெனிஸ் வணிகன் ‘வாணிபுர வணிகன்’ ஆகவும் தமிழ் பேசின. முதுமையில் சிவாலயங்களைப் பற்றி நூல்கள் எழுதினார். 1959-ல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

இவ்வளவும் ஒரு மனிதரால் எங்ஙனம் இயன்றது? அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ ஆறு பாகங்களாக உள்ளது. அதனைப் படிப்போர் மேதையின் இரகசியம் ஏதோ வெளிப்படப்போகிறதென்று எதிர்பார்த்தால் ஏமாறுவர். ஒத்திகைக்கு யார் வந்தார், யார் வரவில்லை, பாடம் யாருக்கு வரவில்லை, சபைக்கு வரவு என்ன, செலவு என்ன, குறித்த நேரத்தில் திரை எழுந்ததா என்பன போன்ற செய்திகளே பக்கந்தோறும் வருகின்றன. எம் கருத்தில் அந்நூலின் பெருமை அதுவே. காலத்தை அளந்து செலவிட்டவர், வீட்டிலிருந்து திருட வேண்டிய நாழிகைகளைக் குறைத்துக்கொண்டார். விடிய விடிய ஆடுவதே நாடகம் என்றிருந்த நாட்டில், மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்களைக் கொண்டே நாடகம் நடத்தியது சிறிய காரியமன்று. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராய் விளங்கிய எஸ். சத்தியமூர்த்தியும், சுதந்தர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அச்சபையின் மேடையில் நின்றவர்களே. நாடகத்தாற் கெட்டுப்போனவர் பட்டியலில் இவர்களை எவர் சேர்ப்பார்?

அப்பொறி கடலையுங் கடந்தது. சபையார் இலங்கைக்குச் சென்று ஆடினர். அதன் பயனாக எழுந்த ஊக்கத்தில், கொழும்பில் 1913-ல் இலங்கை சுபோத விலாச சபை தோன்றியது. அதில் முன்னின்றவர் யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம். சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு, நெடுங்காலம் ஈழத்து மேடையில் உழைத்து, தம் அனுபவத்தை ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்று எழுதிவைத்தவர் அவர்.

நிற்க. ஒரு பக்கத்தை மாத்திரம் சொல்லி நிறுத்துவது நேர்மையன்று. தாய்மார் கொண்ட அச்சத்துக்குக் காரணமும் உண்டு. சம்பந்த முதலியாரின் காலத்திலேயே வாழ்ந்த மற்றொரு பெரியார் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்து, மணம் செய்துகொள்ளாது, துறவுக்கோலத்தோடு நாடகத்துக்கே உடல் பொருள் ஆவி மூன்றையும் கொடுத்தவர். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றிச் சிறுவர்களைப் பழக்கினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். 1922-ம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் ஆவி பிரிந்தது. நம் காரைக்காலுக்குத் தலைநகரான அவ்வூரிலேயே அவர் அடங்கிய இடமும் இருக்கிறது. அவருடைய தியாகத்துக்குத் தலைவணங்குகிறோம். ஆயினும் அந்தச் சிறுவர் கம்பெனிகளில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை வயதினர்? பின்னாளில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் சுவாமிகளின் சபையிற் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்கும் பருவம். கம்பெனி வீடே வீடு, வாத்தியாரே தந்தை. அவ்வாறு சென்றவரில் புகழ் பெற்றோர் சிலர். பெயர் தெரியாது போனோர் எத்தனையோ பேர். ‘நாடகத்துக்குப் போனவன் வீட்டுக்கு ஆகான்’ என்ற சொல் இவ்வழியிற் பிறந்திருக்குமாயின், அதனை வெறும் அறியாமை என்று தள்ளலாகாது.

ஆதலால், ஊருக்கு வேண்டியவர் சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவரா, சம்பந்த முதலியார் போன்றவரா என்று எம்மைக் கேட்டால், நாட்டுக்கு முன்னவர், ஊருக்குப் பின்னவர் என்போம். துறவி ஒரு நூற்றாண்டுக்கு ஒருவர் வந்தாற் போதும். ஒரு மீனவர் ஊரின் மேடையைத் துறவிகள் வந்து நடத்திக்கொண்டிரார். வலை பழுதுபார்ப்பவனும், பள்ளிக்கூடத்து ஆசிரியனும், மீன் விற்று வருபவளும், கலாசாலை மாணாக்கனும் கூடியே அதனை நடத்த வேண்டும்.

ஆனால் சம்பந்த முதலியாரின் வழியிலும் ஒரு பெருங்குறை இருந்தது. அதை மூடிவைத்துப் புகழ்வது அவருக்கும் பெருமையன்று. சுகுண விலாச சபையின் கதாநாயகி வேடங்களை ஆண்மக்களே தாங்கினர். முதலியாருடன் பல்லாண்டு கதாநாயகியாக நடித்த ரங்கவடிவேலு 1923-ல் மறைந்தபோது சபைக்கு நேர்ந்த இழப்பு பெரிது. அவர் நடிப்பு அத்துணைச் சிறப்புடையது என்பர். அது கிடக்க. லீலாவதியாகவும் பத்மாவதியாகவும் ஆண்கள் அழுதுகொண்டிருந்தபோது, அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கே இருந்தனர்? சோற்றை மூடிவைத்து விழித்திருந்தனர். கும்பகோணத்துப் பாலாமணி அம்மையார் பெண்களைக் கொண்டே ஒரு கம்பெனி நடத்தி நாடெங்கும் பெயர் பெற்றார். உலகம் அவர் ஆட்டத்தைக் காணத் திரண்டது, ஆனால் ‘குடும்ப ஸ்திரீ’ என்ற வட்டத்துக்குள் அவரைச் சேர்க்கவில்லை. மேடையில் நின்ற பெண்ணுக்கு வீடு இல்லை. வீட்டில் நின்ற பெண்ணுக்கு மேடை இல்லை. ஆணுக்கு மட்டும் இரண்டும் உண்டு என்ற ஏற்பாட்டின்மேல் நின்றதே அந்நாளைய கனவான்களின் நாடகம். ‘குடும்பமும் கலையும் ஒருங்கே காத்தார்’ என்று ஓர் ஆடவரைப் புகழும்போதெல்லாம், குடும்பத்தைக் காத்தது உண்மையில் யார் என்று கேட்டுக்கொள்வது நலம்.

மிஷன் கலாசாலையைச் சேர்ந்த நமக்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர்; சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர்; ஆசிரியராக உழைத்தவர்; மனைவி மக்களோடு வாழ்ந்தவர். கோயில்களில் வழங்கிய குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றித் திருச்சபையாருக்கு அளித்தார். அவர் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக அப்பாடல்களைப் பாடிவந்துள்ளனர். குடும்பம் கலையை அழிக்கும் என்போரும், கலை குடும்பத்தை அழிக்கும் என்போரும் இந்த ஒரு வீட்டைப் பார்த்தாற் போதும் என்று எமக்குத் தோன்றுகிறது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். காரைக்கால் வட்டாரம் நாடகத்துக்குப் புதிய நிலமன்று. இராமநாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் பிறந்த தில்லையாடி இங்கிருந்து தொலைவிலில்லை. அவரும் மணம் புரிந்து, கடை வைத்துப் பிழைத்த இல்லறத்தாரே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861-ல் அச்சேறியதற்குக் காரணமாயிருந்தவர் காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரர். பண்ணையாரிடம் விடைகேட்டு நிற்கும் அந்த ஏழையின் கதையில் பாஷை தெரியாத ஊரிலிருந்து வந்த ஒருவர் உருகினார் என்பது நினைக்க நினைக்க இனிக்கும் செய்தி.

எல்லாவற்றுக்கும் மேலாக மாங்கனித் திருவிழா இருக்கிறது. ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் நகரமே ஒரு மேடையாகிறது. மாப்பிள்ளை அழைப்பு நடக்கிறது. புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் திருமணம் நடக்கிறது. பிச்சாண்டவர் வீதியில் எழுந்தருள, வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வாரி இறைக்கின்றனர். வேடமிட்டவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்று பிரிக்க இயலாத நாடகம் அது. அதன் கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டு. பசித்து வந்த அடியாருக்கு ஒன்றைப் படைத்தாள் இல்லத்தரசி. பிறகு கணவன் இன்னொன்றும் கேட்டான். வீட்டுக்குரியதில் ஊருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வியே அக்கதையின் கரு. சமயவேற்றுமையால் சிலருக்கு அதன் முடிவு உடன்பாடாகாமலிருக்கலாம். கேள்வி எல்லோருடைய வீட்டிலும் எழுவதே.

கிளிஞ்சல்மேடு முதலிய மீனவர் ஊர்களில் இக்கேள்விக்கு ஒரு பழைய விடை உண்டு. அதற்கு வரி என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்தார் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்துத் தண்டி, கோயில் திருவிழாவை நடத்துகின்றனர். வழக்குத் தீர்ப்பவர் அவர். கடலில் இறந்தவன் வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர் அவர். திருவிழாவுக்கு நாடகம் பேசி முன்பணம் கொடுத்துவருபவரும் அவரே. ஆகவே சமூகசேவை வேறு, நாடகம் வேறு என்ற பிரிவினை இவ்வூர்களில் தோன்றியதில்லை. 2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்து இக்கரையைச் சூறையாடியபோது, வெளியிலிருந்து வந்த உதவிகளைக் குடும்பக் கணக்கின்படி பகிர்ந்தளிக்கும் பொறுப்பு கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்தின் தலையில் விழுந்தது. திருவிழாவுக்கு வரி தண்டிய கணக்கே துயரநாளுக்கும் கணக்காயிற்று. அப்பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமின்மையால் நேர்ந்த குறைகளை அப்பொழுதே பலர் எடுத்துக்காட்டினர், அது நியாயமே. ஆயினும் கூடிச் செய்யும் பழக்கம் ஊருக்கு முன்பே இருந்தது என்பதை மறுக்கலாகாது. அப்பழக்கத்தை உண்டாக்கிய காரியங்களில் நாடகமும் ஒன்று என்பது எம் துணிபு.

இன்று அந்த வரிப்பணம் பெரும்பாலும் இன்னிசைக் கச்சேரிக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது. வெளியூரார் வந்து பாடி, விளக்கை அணைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். பாட்டின்மேல் எமக்குப் பகை இல்லை. ஆனால் ஊரின் பணத்தில் ஊரின் வாழ்க்கை ஒரு வார்த்தையும் பேசப்படாமற் போகிறதே என்பதுதான் குறை. காரைக்கால் மாவட்டத்து மீனவ ஊர்களிலிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேர் எல்லை தாண்டினர் என்று இலங்கைக் கடற்படையாற் பிடிக்கப்பட்டனர். பத்திரிகையில் வருவது படகின் எண்ணிக்கையும் ஆளின் எண்ணிக்கையும். விடுதலை வருமட்டும் கடன்காரனுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும் மனைவியின் நாட்களைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? இது நாடகத்துக்குரிய பொருள். அதுவும் அவ்வூராரே ஆட வேண்டிய நாடகம். ஏலத்தில் விலை விழுவது, மகளின் நகையை விற்று இயந்திரம் பழுதுபார்ப்பது, படித்த பிள்ளை அந்நியநாட்டுக்குப் போய்விட்டபின் தந்தை தனியே வலை இழுப்பது ஆகியவற்றை ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்துப் பெற இயலாது.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். நேரம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி முதல் ஜூன் மாதம் 14-ந் தேதி வரை, மீன் இனம் பெருகும்பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. முன்னே நாற்பத்தைந்து நாளாக இருந்தது, 2017 முதல் அறுபத்தொரு நாளாயிற்று. அந்நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலையும் பலகையும் பழுதுபார்க்கப்படும். பெரும்பாலான மாணாக்கருக்குப் பரீட்சையும் முடிந்திருக்கும். தடைக்காலம் கழியும்போது மாங்கனித் திருவிழா வெகுதூரத்தில் இராது. பகலில் வலையோடு இருந்தவர் மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் படித்தால், அறுபது நாளில் ஒரு மணி நேர நாடகம் ஒன்று ஆயத்தமாகும். விடிய விடிய ஆட வேண்டியதில்லை. பத்து மணிக்குள் முடிந்துவிடட்டும். வரிப்பணத்தில் கச்சேரிக்குப் போவதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலும் போதும். அதற்கும் வரவுசெலவுக் கணக்கைப் பஞ்சாயத்தார் முன்னே படித்துவிட வேண்டும். இதில் சம்பந்த முதலியார் நமக்கு ஆசிரியர்.

அவரை விட்டு விலக வேண்டிய இடம் ஒன்றுண்டு என்று முன்னமே சொன்னோம். பெண் வேடத்தைப் பெண்ணே தாங்க வேண்டும். கலாசாலைக்கு அனுப்பத் துணிந்த ஊர், தன் கோயில் திடலில் தன் மகளை நிறுத்தத் தயங்குவது பொருத்தமாயில்லை. அங்ஙனம் ஒரு பெண் ஒத்திகைக்கு வரும் மாலையில் அவள் வீட்டு அடுப்பை மூட்ட வேண்டியவர் அவள் தமையன் என்பதையும் இப்பொழுதே பேசி முடித்துக்கொள்வது நல்லது. இதற்கு இசையாத தமையன்மார், தாங்களும் மேடையை விட்டு விலகியிருப்பதே நேர்மை.

ஒத்திகை வேளையைக் குறிக்கும்போது மாணாக்கர் தம் வசதியைப் பார்த்துக் குறிப்பது வழக்கம். கிளிஞ்சல்மேட்டில் அது நடவாது. தடைக்காலத்திலும் சிறு படகுகள் கடலுக்குப் போகின்றன. மீன்கூடையோடு விடியுமுன் புறப்படும் பெண்கள் இரவு எட்டு மணிக்கெல்லாம் உறங்க வேண்டியவர்கள். ஆகவே ஒத்திகை ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியட்டும். மத்தளம் அடிப்பவருக்கு இதனை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.